சொல்லடைவு போடும் இயந்திரம்: முழு உரைத் தேடல் லைப்ரரி உள்ளே என்ன நடக்கிறது?

பழைய இலக்கியப் பதிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு என்று ஒரு பகுதி இருக்கும். நூலில் வரும் சொற்கள் அகர வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது வரும் பாட்டு எண், அடி எண். 'நெய்தல்' எங்கெங்கே வருகிறது என்று பார்க்க நூல் முழுவதையும் படிக்க வேண்டாம், சொல்லடைவில் ஒரு வரியைப் பார்த்தால் போதும். அந்த ஒரு வரிக்காக யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து அட்டை அட்டையாக எழுதியிருப்பார் என்பது வேறு கதை.

முழு உரைத் தேடல் லைப்ரரி, அதாவது தேடலுக்காக உங்கள் நிரலுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு, செய்வது இதே வேலைதான். நீங்கள் கொடுக்கும் உரைகளுக்குச் சொல்லடைவு போடும், உரை மாறினால் அதைப் புதுப்பிக்கும், கேட்டால் அதில் பார்த்துப் பதில் சொல்லும். லூசீன், டான்டிவி, ஸேப்பியன், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் எஃப்டிஎஸ்5 என்று பெயர்கள் பல. உள்ளே இருக்கும் கருத்து ஒன்றே. அதைப் புரிந்துகொண்டால் எதை எடுத்தாலும் கை ஓடும்.

லைக் குவெரி போதாதா?

கொஞ்ச தூரம் வரை போதும். குறிப்புகள் எழுதி வைக்கும் செயலி ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐநூறு குறிப்புகள் இருக்கும்போது, தேடும் சொல்லின் முன்னும் பின்னும் விழுக்காட்டுக் குறி சேர்த்து டேட்டாபேஸில் லைக் குவெரி, அதாவது 'இந்த எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா' என்ற கேள்வி, போட்டால் பதில் உடனே வந்துவிடும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறிப்புகள் லட்சங்களைத் தொடும்போது சிக்கல் தொடங்குகிறது. டேட்டாபேஸின் சாதாரண இன்டெக்ஸ் அகராதி மாதிரி, முதலெழுத்திலிருந்து வரிசைப்படுத்தியது. 'மழை' என்று தொடங்குபவற்றை அது சட்டென்று எடுத்துத் தரும். நடுவில் எங்கோ 'மழை' இருப்பவற்றைக் கேட்டால் அகராதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு தேடலுக்கும், ஒவ்வொரு முறையும்.

வேகத்தை விட எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது பதில்களின் தரம். லைக் குவெரிக்குச் சொல் என்றால் என்னவென்றே தெரியாது. எழுத்துக்கோவை மட்டும்தான் தெரியும். 'தலை' என்று தேடினால் 'விடுதலை' வரும், 'தலைப்பு' வரும். 'மழை மேகம்' என்று இரண்டு சொல்லைத் தட்டினால், 'மேகம் கறுத்தது மழை வந்தது' என்று எழுதிய குறிப்பு வராது, ஏனென்றால் அந்த எழுத்துகள் அதே வரிசையில் அங்கே இல்லை. வந்த பதில்களிலும் எது முக்கியமானது, எது ஓரமாக ஒரு முறை அந்தச் சொல்லைத் தொட்டுப்போனது என்ற பாகுபாடு கிடையாது.

மூன்று வரிகளுக்கு ஒரு சொல்லடைவு

கையாலேயே ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். நம்மிடம் மூன்று ஆவணங்கள். ஆவணம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்; தேடலில் ஒரு பதிலாகத் திரும்பி வரவேண்டிய எதுவும் ஆவணம்தான். ஒரு குறிப்பு, ஒரு மின்னஞ்சல், ஒரு பொருளின் விவரம், எதுவாகவும் இருக்கலாம்.

ஆவணம் 1: மேகம் கறுத்தது மழை வந்தது
ஆவணம் 2: மழை நின்றது மேகம் கலைந்தது
ஆவணம் 3: காற்று வந்தது மேகம் வந்தது

இதைச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எந்த ஆவணத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எழுதினால் இப்படி வரும்:

கலைந்தது: ஆவணம் 2, இடம் 4
கறுத்தது: ஆவணம் 1, இடம் 2
காற்று: ஆவணம் 3, இடம் 1
நின்றது: ஆவணம் 2, இடம் 2
மழை: ஆவணம் 1, இடம் 3, ஆவணம் 2, இடம் 1
மேகம்: ஆவணம் 1, இடம் 1, ஆவணம் 2, இடம் 3, ஆவணம் 3, இடம் 3
வந்தது: ஆவணம் 1, இடம் 4; ஆவணம் 3, இடங்கள் 2, 4

இதற்குத்தான் இன்வெர்ட்டட் இன்டெக்ஸ் என்று பெயர்; தலைகீழ் அட்டவணை என்று சொல்லலாம். ஆவணத்திலிருந்து சொல்லுக்குப் போவது இயல்பான திசை. இங்கே சொல்லிலிருந்து ஆவணத்துக்குப் போகிறோம், அதனால் தலைகீழ்.

இப்போது 'மழை வந்தது' என்று ஒருவர் தேடுகிறார். மழையின் வரியில் 1, 2. வந்தது என்பதன் வரியில் 1, 3. இரண்டிலும் இருப்பது 1 மட்டும். முடிந்தது. ஆவணங்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு பட்டியல்களும் எண் வரிசையில் இருப்பதால், இரண்டு விரல்களை இரண்டு பட்டியல்கள் மேல் வைத்து, சின்ன எண்ணில் இருக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போனால் பொதுவான எண்கள் தானாகச் சிக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் இடையிடையே தாண்டிப் போகவும் லைப்ரரிகள் குறுக்கு வழி வைத்திருக்கின்றன.

இட எண்கள் எதற்கு? 'மேகம் வந்தது' என்று தேடிப் பாருங்கள். இரண்டு சொல்லும் உள்ளவை 1, 3. ஆனால் பயனர் மேற்கோள் குறிக்குள் போட்டு, அந்தத் தொடர் அப்படியே வேண்டும் என்று கேட்டால்? ஆவணம் 1 இல் மேகம் முதல் இடம், வந்தது நான்காம் இடம், ஒட்டி நிற்கவில்லை. ஆவணம் 3 இல் மேகம் மூன்று, வந்தது நான்கு. அதுதான் பதில். தொடர்த் தேடல் என்பது இவ்வளவுதான்: இட எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பது.

சொல் எது என்று யார் சொல்வது?

மேலே 'சொற்களாகப் பிரித்து' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டேன். உண்மையில் வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. இந்தப் பிரிக்கும் பகுதிக்கு அனலைசர் என்று பெயர். உரை உள்ளே போகும். டோக்கன்கள் என்று அழைக்கப்படும் துண்டுகள் வெளியே வரும். அட்டவணையில் ஏறுவது இந்த டோக்கன்கள்தான், நீங்கள் எழுதிய உரை அல்ல.

ஒரு விதியை இங்கேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆவணத்தை எந்த அனலைசர் வழியாக அனுப்பினீர்களோ, தேடும் சொல்லையும் அதற்கு ஒத்துப்போகும் அனலைசர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இன்டெக்ஸ் போடும்போது ஒரு மாதிரியும் தேடும்போது வேறு மாதிரியும் வெட்டினால், கண் முன்னால் இருக்கும் சொல் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. பூஜ்யம் முடிவுகள் என்று மட்டும் வரும். தேடல் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்து கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆங்கில உரைக்கு அனலைசர் செய்வது எளிமையானது: இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் வெட்டு, பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கு, வேண்டுமானால் விகுதிகளைக் கழி. தமிழுக்கு வரும்போதுதான் சுவாரசியம்.

எஃப்டிஎஸ்5 ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்க்யூலைட்டுடன் 2015 முதல் வருகிறது. கைபேசிச் செயலிக்கு அருமையான தேர்வு. அதன் இயல்பான டோக்கனைசர், அதாவது உரையை டோக்கன்களாக வெட்டும் பகுதி, யூனிகோடு வகைகளைப் பார்த்து வெட்டுகிறது. எழுத்து, எண், அப்புறம் தனிப்பயன்பாட்டுக்கு ஒதுக்கிய குறிகள், இவை டோக்கனுக்குள் வரலாம். மற்றதெல்லாம் பிரிப்பான். இதில் நமக்கு என்ன பிரச்சினை? யூனிகோடில் 'க' எழுத்து. ஆனால் புள்ளியும், கால், கொம்பு, கொக்கி போன்ற உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை. அவை 'குறி' என்ற தனி வகை. ஆகவே டோக்கனைசரின் கண்ணில் புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றுதான்.

'கல்வி' என்ற சொல்லை அது எப்படிப் பார்க்கும்? க, ல, புள்ளி, வ, இகரக் குறி. புள்ளியில் ஒரு வெட்டு, இகரக் குறியில் ஒரு வெட்டு. மிச்சம் 'கல', 'வ' என்ற இரண்டு டோக்கன். தேடும் சொல்லும் அதே மாதிரி வெட்டப்படும்; 'கல' என்பதை ஒட்டி 'வ' வரும் இடம் எது என்று தொடர்த் தேடலாக மாறிவிடும். 'கல்வி' உள்ள ஆவணங்கள் கிடைத்துவிடும். 'கல்வியில்' உள்ளதும் கிடைக்கும், ஏனென்றால் அது 'கல', 'வ', 'ய', 'ல' என்று உடைகிறது. பார்ப்பவருக்கு மகிழ்ச்சி: விகுதி சேர்ந்த சொல்லையும் கண்டுபிடிக்கிறதே! ஆனால் 'கல்வெட்டு' என்பது 'கல', 'வ', 'ட', 'ட'. அதுவும் வந்து நிற்கும். 'கலை வேறு' என்று இரண்டு தனிச் சொல்லாக இருந்தாலும் 'கல', 'வ', 'ற' தான். அதுவும் வரும். தவறான காரணத்துக்காகச் சரியாக வேலை செய்யும் நிரல் மாதிரி ஆபத்தானது வேறில்லை.

தீர்வு ஒரே வரி. அட்டவணையை உருவாக்கும்போது டோக்கனைசரின் 'கேட்டகரீஸ்' அமைப்பில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். புள்ளி முதல் வகையைச் சேர்ந்தது, பெரும்பாலான உயிர்க்குறிகள் இரண்டாம் வகை. சேர்த்ததும் 'கல்வி' முழுச் சொல்லாக நிற்கும், கல்வெட்டு விலகிவிடும். லூசீனில் இந்தத் தொல்லை இல்லை. அதன் ஸ்டாண்டர்ட் டோக்கனைசர் யூனிகோடின் சொல்-எல்லை விதிகளைப் பின்பற்றுகிறது. அந்த விதிகளில் குறிகள் முன் எழுத்தோடு ஒட்டியே இருக்கும்.

ஆனால் பாருங்கள், எஃப்டிஎஸ்5 ஐச் சரிசெய்தவுடன் 'கல்வி' என்று தேடினால் 'கல்வியில்' வராது. இப்போது அது வேறு டோக்கன். தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்த வசதி போய்விட்டது. இனி அதை முறையாகச் செய்ய வேண்டும்.

விகுதியை வெட்டும் கலை

முறையான வழிக்கு ஸ்டெம்மிங் என்று பெயர். விகுதிகளை விதிப்படி வெட்டி, ஒரே சொல்லின் வடிவங்களை ஒரே துண்டுக்குக் கொண்டுவருவது. ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980 இல் வெளியிட்ட விதிமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பிறகு அவரே ஸ்னோபால் என்ற சிறு மொழியை உருவாக்கினார், ஸ்டெம்மர் எழுதுவதற்கென்றே. அதில் எழுதிய ஸ்டெம்மர்களின் தொகுப்பில் இப்போது தமிழும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் 12 ஆம் பதிப்பில் அதை உள்ளே சேர்த்துக்கொண்டது. லூசீனிலும் தமிழ் அனலைசர் உண்டு.

தமிழில் இது ஏன் கடினம்? 'மரம்' என்ற சொல்லைப் பாருங்கள். மரத்தை, மரத்தில், மரங்கள், மரங்களுக்கு, மரமும். பின்னால் ஒட்டுவதோடு நிற்காமல் முன்னால் இருப்பதும் மாறுகிறது. மகர மெய் போய் அத்துச் சாரியை வருகிறது. 'வீடு' என்பது வீட்டை, வீட்டில் என்று நடுவில் இரட்டிக்கிறது. விதி எழுதுபவர் 'த்தை', 'த்தில்', 'ங்கள்' எல்லாவற்றையும் வெட்டி 'மர' என்று நிறுத்தலாம், 'மரம்' என்பதிலும் 'ம்' ஐ வெட்டி அதே 'மர' வுக்குக் கொண்டுவரலாம். 'மர' ஒரு முழுச் சொல்லா என்று கவலைப்பட வேண்டாம். ஸ்டெம்மருக்கு இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. எல்லா வடிவங்களும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் சரி.

அளவு மீறி வெட்டினால் வேறு வினை. 'ம்' ஐ வெட்டும் அதே விதி 'பாடம்' என்பதை 'பாட' ஆக்கும். பாட்டுப் பாட வந்தவரும் பாடம் படிக்க வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். குறைவாக வெட்டினால் கிடைக்க வேண்டியது கிடைக்காது, அதிகமாக வெட்டினால் வேண்டாதது வரும். இந்த இழுபறிக்கு முடிவே கிடையாது. உங்கள் பயனருக்கு எது எரிச்சல் குறைவோ அந்தப் பக்கம் சாய வேண்டியதுதான்.

அப்புறம் சந்தி. 'புத்தகத்தைப் படித்தேன்' என்று எழுதினால் முதல் டோக்கன் 'புத்தகத்தைப்' என்று ஒற்றோடு நிற்கும். 'புத்தகத்தை' என்று எழுதியவரின் டோக்கனோடு இது சேராது. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்ற வல்லின மெய்யில் முடியாது என்பதால், கடைசியில் அந்த ஒற்று இருந்தால் வெட்டிவிடு என்று விதி போடலாம். நல்ல விதிதான், 'கிளிக்' என்ற சொல் வரும் வரை. அதன் ஒற்றை வெட்டினால் 'கிளி'. பட்டனைக் கிளிக் செய்வது எப்படி என்று தேடியவருக்குப் பறவைகள் பற்றிய கட்டுரை வந்து சேரும். கடன்சொற்களுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத வகை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க வுடன் ஒகரக் குறி என்ற ஒரே குறி, அல்லது க வுடன் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கணினிக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கத்தை அனலைசரின் முதல் படியாக வைத்தால் இது தீர்ந்துவிடும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியவர்களை அந்தச் சீராக்கம் காப்பாற்றாது. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். வேறு இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகள் ஒளிந்திருக்கும். அவற்றையும் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

எது முதலில் வரவேண்டும்?

நூறு ஆவணங்கள் பொருந்துகின்றன. முதல் பத்தில் எதை வைப்பது? இதற்கான விடையில் பாதி 1972 இல் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது: அரிதான சொல்லுக்கு அதிக மதிப்பு கொடு. எங்கும் கிடக்கும் சொல் ஒரு ஆவணத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது.

எண்ணிலேயே பார்ப்போம். ஆயிரம் ஆவணங்கள். 'ஒரு' என்பது 900 இல் வருகிறது, 'நீர்மூழ்கி' 3 இல். லூசீன் பயன்படுத்தும் பிஎம்25 என்ற சூத்திரத்தில் போட்டால் 'ஒரு' என்பதன் எடை ஏறத்தாழ 0.11, நீர்மூழ்கியின் எடை ஏறத்தாழ 5.66. ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். 'ஒரு நீர்மூழ்கி' என்று தேடினால் 'ஒரு' இருக்கிறதா இல்லையா என்பது கிட்டத்தட்ட பொருட்டே இல்லை. இதனால்தான் ஒரு, அந்த, என்று போன்ற சொற்களை அட்டவணையிலிருந்தே தூக்கிவிடும் பழைய வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. இடம் மிச்சப்படுத்த வேண்டியிருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது எடைக் கணக்கே அவற்றை ஓரம் கட்டிவிடுகிறது, தொடர்த் தேடலுக்கு அவை உதவவும் செய்கின்றன.

அடுத்தது, ஒரு ஆவணத்துக்குள் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது. அதிக முறை வந்தால் அதிக மதிப்பெண்தான், ஆனால் நேர்கோட்டில் இல்லை. சராசரி நீளமுள்ள ஆவணத்தில், லூசீனின் இயல்பான அமைப்பில், ஒரு முறை வந்தால் 0.45, இரண்டு முறைக்கு 0.63, பத்து முறைக்கு 0.89, நூறு முறைக்கு 0.99. ஒன்றைத் தாண்டவே தாண்டாது. ஒரே சொல்லை நூறு தடவை எழுதி மேலே வரலாம் என்று நினைப்பவருக்கு இங்கே கதவு மூடியிருக்கிறது. ஆவணத்தின் நீளமும் கணக்கில் வரும்: பத்துச் சொல் குறிப்பில் ஒரு முறை வந்தால் அது அதைப் பற்றிய குறிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம், பத்தாயிரம் சொல் கட்டுரையில் ஒரு முறை வந்தால் போகிற போக்கில் சொன்னது. இந்த வளைவு எவ்வளவு, நீளத்துக்கு எவ்வளவு தண்டனை என்று மாற்ற இரண்டு திருகுகள் உண்டு, 1.2 என்றும் 0.75 என்றும் வைத்திருப்பார்கள். தொடக்கத்தில் அவற்றைத் தொடாதீர்கள். தலைப்பில் வந்த சொல்லுக்கு உள்ளுரையில் வந்ததை விட அதிக மதிப்பு கொடுப்பது இந்தத் திருகல்களை விடப் பல மடங்கு பலன் தரும்.

தட்டச்சுப் பிழைகள்

ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பதை லெவன்ஷ்டைன் தொலைவு என்பார்கள். பல லைப்ரரிகள் ஒன்று அல்லது இரண்டு தொலைவில் உள்ள சொற்களையும் தேடித் தரும்; லூசீனில் உச்சவரம்பே இரண்டுதான். தமிழில் இதைக் கவனமாகக் கையாள வேண்டும். 'மழை' என்பதிலிருந்து ஒரே ஒரு எழுத்து தூரத்தில் மலை, மனை, மறை எல்லாம் நிற்கின்றன, எல்லாமே உண்மையான சொற்கள். சின்னச் சொற்களுக்கு இதை அணைத்துவிட்டு, சரியான பதில் ஒன்றுமே கிடைக்காதபோது மட்டும் இயக்குவது என் பழக்கம்.

லைப்ரரியா, சர்வரா?

பெயர்கள் குழப்பும் இடம் இது. டக் கட்டிங் 1999 இல் ஜாவாவில் லூசீனை எழுதினார். 2001 இல் அது அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் குடையின் கீழ் வந்தது. லூசீன் என்பது அவருடைய மனைவியின் நடுப்பெயர். அது ஒரு லைப்ரரி: உங்கள் நிரலுக்குள்ளேயே ஓடும், வட்டில் ஒரு கோப்புறையில் அட்டவணையை வைத்துக்கொள்ளும். நெட்வொர்க், லாகின், பல கணினிகளில் பகிர்வது எதுவும் அதற்குத் தெரியாது. அந்த வசதிகளை லூசீனைச் சுற்றிக் கட்டியவைதான் 2006 இல் அப்பாச்சிக்கு வந்த சோலரும், 2010 இல் வெளியான எலாஸ்டிக்சர்ச்சும்.

ஒரே சர்வரில் ஓடும் செயலி, சில லட்சம் ஆவணங்கள் என்றால் லைப்ரரியே தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஜாவா என்றால் லூசீன், ரஸ்ட் என்றால் டான்டிவி, கோ மொழிக்குப் பிளீவ், உலாவிக்குள்ளேயே தேட மினிசர்ச், ஏற்கெனவே எஸ்க்யூலைட் இருந்தால் எஃப்டிஎஸ்5. போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் அதில் உள்ளேயே இருக்கும் தேடல் வசதியை முதலில் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம். தனி சர்வர் என்பது இன்னொரு உயிரைப் பராமரிப்பது மாதிரி. அதற்கும் நினைவகம், காப்புப்பிரதி, கண்காணிப்பு எல்லாம் வேண்டும்.

பழகும்போது தடுக்கும் இடங்கள்

எழுதிய ஆவணம் உடனே தேடலில் வரவில்லையே என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். லூசீன் வகை லைப்ரரிகள் அட்டவணையைச் செக்மென்ட் என்ற சிறு பகுதிகளாக எழுதுகின்றன. ஒருமுறை எழுதிய செக்மென்டைத் திருத்துவதே இல்லை. புதிய ஆவணங்கள் புதிய செக்மென்டில் போகும். அழித்த ஆவணத்துக்கு 'இது செத்தது' என்று ஓரமாக ஒரு குறி மட்டும். திருத்தம் என்றால் பழையதற்குக் குறி போட்டுப் புதியதை எழுதுவது. பின்னால் செக்மென்ட்கள் ஒன்றாக இணையும்போதுதான் செத்தவை உண்மையில் நீங்கும். தேடுபவர் திறந்து வைத்திருப்பது, திறந்த நேரத்தில் அட்டவணை இருந்த நிலை. புதியதைப் பார்க்க அதைப் புதுப்பிக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் இயல்பாக நொடிக்கு ஒருமுறை இப்படிப் புதுப்பிக்கிறது.

இதிலிருந்தே இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. ஒவ்வொரு ஆவணத்துக்கும் கமிட் செய்யாதீர்கள், அதாவது எழுதியதை வட்டில் உறுதிப்படுத்தாதீர்கள். ஆயிரக்கணக்கில் சேர்த்து ஒரே தடவை செய்யுங்கள். எழுதும் பொருளை, அதாவது இன்டெக்ஸ்ரைட்டரை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் திறந்து மூடாதீர்கள். ஒரு அட்டவணைக்கு ஒரே ரைட்டர்தான் இருக்க முடியும். இரண்டாவது திறந்தால் பூட்டுப் பிழை வரும்.

ஆவணத்தின் தனித்தனிப் பகுதிகளை ஃபீல்டு என்பார்கள்; அவற்றின் வகையிலும் பலர் வழுக்குகிறார்கள். குறிப்பின் உரை அனலைசர் வழியாகப் போகலாம். ஆனால் அடையாள எண், குறிச்சொல், நிலை போன்றவை அப்படியே முழுதாக ஏற வேண்டும். இல்லையென்றால் இடைக்கோடுள்ள அடையாள எண் மூன்று துண்டாகச் சிதறி, அந்த எண்ணை வைத்து அழிக்கப் போனால் ஒன்றும் அழியாது. பழைய பிரதி இருக்க, புதிய பிரதியும் சேர்ந்து, ஒரே குறிப்பு இரண்டு தடவை பதிலில் வரும். தேடல் முடிவில் இரட்டைப் பதிவு தெரிந்தால் இங்கே தேடுங்கள்.

அட்டவணையை ஒருபோதும் மூலத் தரவாக நம்ப வேண்டாம். உண்மையான தரவு டேட்டாபேஸில் இருக்கட்டும். அட்டவணையை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடும் ஒரு கட்டளை உங்களிடம் தயாராக இருக்கட்டும். அது அடிக்கடி தேவைப்படும், ஏனென்றால் அனலைசரில் ஒரு விதியை மாற்றினாலும் பழைய டோக்கன்கள் பழைய விதிப்படியே கிடக்கும். 'கிளிக்' என்பதற்கு இன்று விதிவிலக்குச் சேர்த்தால், நேற்று ஏறிய ஆவணங்களில் அது இன்னும் கிளிதான்.

அந்தக் கட்டளையோடு கூட ஒரு சின்னக் கோப்பும் வைத்துக்கொள்வேன். அதில் முப்பது நாற்பது வரிகள்: ஒரு தேடல் சொல், கட்டாயம் வரவேண்டிய குறிப்பின் எண், வரவே கூடாத குறிப்பின் எண். 'கல்வி' வரிக்கு எதிரே, வரக்கூடாதவற்றில் முதலாவதாகக் கல்வெட்டு இருக்கும். அனலைசரில் கை வைத்தவுடன் அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.